நுழைவாயில் அடங்கும் காற்று

ஆண்டுதோறும் சூலைத் திங்களின் இறுதியில், அமெரிக்காவின் விசுக்கான்சின் மாநிலத்து ஓசுக்கோசு நகரில் வானூர்திப் பெருவிழா ஒன்று கூடுகிறது. 1953இல் தொடங்கிய செய்முறை வானூர்திச் சங்கத்தார் நடத்தும் விழா அது. தம் வீட்டுக் கொட்டகையில் தாமே கட்டிய வானூர்திகளை மக்கள் ஓட்டிவந்து புல்வெளியில் வரிசையாக நிறுத்துவர். அவ்வரிசையின் முகங்களை மட்டும் பார்த்து நடப்பவருக்கு ஒன்று புலப்படும். உள்ளிருப்பது ஒரே வகை உந்துபொறியாயினும் முகங்கள் ஒன்றுபோல் இல்லை. சுழல்விசிறியின் கூம்புக்கு இருமருங்கும் சிலவற்றில் அகன்ற நீள்சதுரத் துளைகள். சிலவற்றில் கோப்பை வாயளவு வட்டங்கள். சிலவற்றில் துளையே கண்ணுக்குத் தெரியாமல் வயிற்றுப் பக்கம் ஒளிந்திருக்கும். கட்டியவரைக் கேட்டால் ஒவ்வொருவரும் தத்தம் துளைக்கு ஒரு நியாயம் சொல்வார். அந்நியாயங்களிற் பலவும் ஒரே பிழையான எண்ணத்திலிருந்து கிளைத்தவை என்பதே இக்கட்டுரையின் வழக்கு. நுழைவாய் என்பது காற்றை விழுங்கும் இடம் என்று கருதுகிறார்கள். உண்மையில் அது காற்றை அடக்கும் இடம். எவ்வளவு காற்றுப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் பெரும்பாலும் அதனிடம் இல்லை.

முதலில் வெப்பத்தின் கணக்கு. பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்சுபோர்ட்டில் உருவாகும் லைக்கோமிங் பொறியை எடுத்துக்கொள்வோம். நான்கு உருளைகள், இருபுறமும் இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும், கொள்ளளவு 5.9 லிட்டர், திறன் 180 குதிரைத்திறன், அதாவது 134 கிலோவாட்டு. எரிபொருளின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கை ஒட்டிய அளவே சுழல்தண்டுக்குச் சேர்கிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வீணாகிறது. எஞ்சியது உருளைகளின் உலோகத்துக்குள் புகுந்து, அங்கிருந்து மெல்லிய வெப்பச்செதில்களின் வழியாகக் காற்றுக்குத்தான் போயாக வேண்டும். இப்பொறிக்கு நீர்க்குளிர்ப்பு இல்லை. அந்த எஞ்சிய பங்கை 60 கிலோவாட்டு என்று வைத்துக்கொள்வோம். உருளைத்தலை அலுமினியக் கலவையால் ஆனது. 260 பாகை செல்சியசு அதன் கடைசி எல்லை. நெடும்பயணத்தில் 224 பாகைக்குக் கீழே வைத்திருப்பதே நலம் என்பது பொறி செய்தோரின் அறிவுரை.

செதில்களைக் கடக்கும் காற்று 60 பாகை சூடேறி வெளியேறுவதாகக் கொண்டால், நொடிக்கு ஒரு கிலோகிராம் காற்றுத் தேவைப்படும். கடல்மட்டத்தில் அதன் பருமன் ஏறத்தாழ 0.82 கனமீட்டர். ஊர்தி மணிக்கு 300 கிலோமீட்டர் விரைவில் செல்லும்போது, முன்னால் கட்டற்று வரும் காற்றில் இப்பொறிக்கு உரிய பங்கு எவ்வளவு? நொடிக்கு 83 மீட்டர் நீளமுள்ள ஒரு காற்றுத்தூண். அதன் குறுக்குப்பரப்பு 98 சதுரச் சென்டிமீட்டர். பக்கத்துக்குப் பத்துச் சென்டிமீட்டர் கொண்ட ஒரு சதுரம்; அவ்வளவே. 160 கிலோமீட்டர் விரைவில் மேலேறும்போது அதே தேவைக்கு 184 சதுரச் சென்டிமீட்டர் வேண்டும்.

இந்தக் காற்றைச் செதில்களின் நெருங்கிய இடுக்குகள் வழியே தள்ளுவதற்கு அழுத்த வேறுபாடு வேண்டும். இவ்வகைப் பொறிக்கு அது ஏறத்தாழ 1500 பாசுக்கல். நீர்மட்டமானியில் பதினைந்து சென்டிமீட்டர், அதாவது ஆறு அங்குலம். கொடுப்பவர் யார்? ஊர்தியின் விரைவுதான். ஓடும் காற்றை முற்றிலும் நிறுத்தினால் அதன் இயக்கம் அழுத்தமாக மாறும். அந்த இயங்கழுத்தம் 300 கிலோமீட்டர் விரைவில் 4250 பாசுக்கல். 160 கிலோமீட்டரில் வெறும் 1210. விரைவு பாதியளவு குறைந்தால் அழுத்தம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும் என்னும் இருமடி விதியின் கொடுமை இது. நேர்பறப்பில் கையிருப்பு தேவையைப்போல் மூன்று மடங்கு. ஏற்றத்திலோ, பொறி முழுத்திறனில் கொதிக்கும் வேளையில், கையிருப்பே தேவைக்குக் குறைவு. தம் ஊர்தி மட்டமாகப் பறக்கையில் குளிர்ந்திருப்பதையும் மேலேறும்போது மட்டும் சூடாவதையும் ஒரு புதிர்போலப் பேசுவோர் உளர். புதிர் ஏதுமில்லை. முகப்பைச் சற்றுத் தாழ்த்தி 200 கிலோமீட்டர் விரைவில் ஏறினால் இயங்கழுத்தம் 1890 ஆகிறது. அதில் நூற்றுக்கு 85 பங்கை உள்ளே காப்பாற்றிக்கொள்ள முடிந்தால் 1600, தேவை நிறைவேறிவிடும். சில ஆயிரம் அடி வரை இப்படி ஏறுவது விமானிகள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் வழக்கம்.

அந்த எண்பத்தைந்து பங்கைக் காப்பாற்றுவதுதான் நுழைவாயின் கலை.

சொந்தமாகக் கட்டிய ஊர்திகள் பலவற்றில் இரு துளைகளும் சேர்ந்து 250 முதல் 300 சதுரச் சென்டிமீட்டர் வரை இருக்கும். 280 என்று வைத்துக்கொண்டால், நேர்பறப்பில் 98 சதுரச் சென்டிமீட்டராக வந்த காற்றுத்தூண் துளைக்கு முன்பாகவே, திறந்த வெளியிலேயே, 280ஆக விரிகிறது. சுவரில்லாமல் விரியும் இவ்விரிவுக்கு உராய்வு இல்லை. இழப்பும் ஏறக்குறைய இல்லை. துளையைத் தொடும்போது காற்றின் விரைவு ஊர்தியின் விரைவில் 0.35 பங்காகிவிட்டது. அதன் இருமடி 0.12. அதாவது இயக்கத்தின் அழுத்தத்தில் நூற்றுக்கு 88 பங்கு வாசலுக்கு வெளியிலேயே அழுத்தமாக மாறி நிற்கிறது. உள்ளே என்ன அலங்கோலம் நடந்தாலும் இழக்கக்கூடியது எஞ்சிய பன்னிரண்டு பங்கு மட்டுமே. பெரிய துளை பார்வைக்கு நாகரிகமற்றதாக இருக்கலாம். ஆனால் அது பிழை பொறுக்கும்.

துளையைப் பாதியாக்கி 140 ஆக்குவோம். பந்தயப் பற்றுள்ளோர் செய்வது இதுவே. இப்போது விரைவுப் பங்கு 0.70, அதன் இருமடி 0.49. இயங்கழுத்தத்தில் பாதி, இன்னும் விரைவாகவே உள்ளே நுழைகிறது. நுழைந்ததும் பரந்த அறைக்குள் அக்காற்று திடீரெனக் கொட்டப்பட்டால், அந்தப் பாதியும் சுழல்களாகச் சிதறி வெப்பமாகிவிடும். இவ்விழப்பின் கணக்கைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் போர்தா நீரோட்டத்துக்கு வகுத்துவிட்டார். காற்றுக்கும் அதே விதிதான். ஏற்றத்திலோ நிலைமை இன்னும் மோசம். 184 சதுரச் சென்டிமீட்டர் காற்று 140க்குள் புக வேண்டும். ஊர்தியின் விரைவைவிட மிகுந்த விரைவில் அது துளைக்குள் உறிஞ்சப்பட வேண்டும். சிறு துளைக்கு இசைவான ஒரே வழி, உள்ளே பொறுமையாக விரியும் விரிகுழல்.

விரிகுழலின் பொறுமைக்கு ஓர் அளவு உண்டு. கூம்பின் முழுக்கோணம் ஏழு பாகையைப் பெரிதும் கடந்தால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து, நடுவே ஒரு தாரையாகப் பாயும். குழல் இருந்தும் இல்லாததாகும். 140 சதுரச் சென்டிமீட்டரை இரு வட்டங்களாகப் பகிர்ந்தால் ஒவ்வொன்றின் விட்டமும் 9.4 சென்டிமீட்டர். பரப்பு இரட்டிப்பாவதற்கு விட்டம் 13.3 ஆக வேண்டும். ஏழு பாகைக் கோணத்தில் அதற்கு 32 சென்டிமீட்டர் நீளம் தேவை. துளையிலிருந்து முன்னுருளை வரை உள்ள தொலைவோ பல ஊர்திகளில் அதில் பாதியும் இல்லை. சுழல்விசிறிக்கும் பொறிக்கும் இடையே ஒரு நீட்டுத்துண்டை வைத்து மூக்கை நீளமாக்கியவர்களுக்கே வட்டத் துளை முழுப்பயன் தருகிறது. மூக்கை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்து ஊர்தியில் பார்த்த சிறு வட்டத்தை மட்டும் ஒட்டிக்கொள்பவர் அழகை வாங்கி அழுத்தத்தை விற்கிறார்.

உதட்டின் வளைவும் இதனோடு சேர்ந்ததே. விரைவுப் பங்கு குறைவாக இருக்கும்போது தேவைக்கு மிஞ்சிய காற்று துளையின் ஓரத்தைச் சுற்றி வெளியே வழியும். ஓரம் கத்திபோல் கூராக இருந்தால் அந்தத் திருப்பத்தை எடுக்க முடியாமல் காற்று பொறியுறையின் வெளித்தோலை விட்டுப் பிரிந்து, பின்னே நெடுகிலும் கலங்கலை விடும். துளை சிறிதாகி விரைவுப் பங்கு ஒன்றைக் கடந்தாலோ திருப்பம் உட்பக்கமாக மாறும். அப்போது உட்சுவரில் பிரியும். எனவே உதடு இரு புறமும் தடித்து உருண்டிருக்க வேண்டும். நன்கு உருண்ட உதட்டைச் சுற்றி விரைந்தோடும் காற்று அவ்விடத்தில் உறிஞ்சலை உண்டாக்குகிறது. அவ்வுறிஞ்சல் முன்னோக்கிய சிறு இழுப்பாகவும் அமைந்து, காற்றை நிறுத்தியதற்கான தண்டத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. இதைக் கண்ணால் காண விரும்புவோர் உதட்டின்மேல் சில துளி கறுத்த பொறியெண்ணெயை வைத்துவிட்டு ஒரு சுற்றுப் பறந்து வருவர். இறங்கிய பின் பார்த்தால், காற்று ஒட்டி ஓடிய இடத்தில் எண்ணெய் நேர்க்கோடுகளாக நீண்டிருக்கும். பிரிந்த இடத்தில் ஒரு விரற்கடை ஓடியதும் தேங்கி, முன்னோக்கித் திரும்பிய கறையாக நிற்கும்.

துளையின் இடமும் கருதத்தக்கது. சுழல்விசிறி அலகுகள் நடுக்குமிழை நெருங்கும் இடத்தில் தடித்து உருண்டிருக்கும். அங்கே அவை காற்றைத் தள்ளுவதில்லை, கலக்குவதே செய்யும். ஆகவே துளை கூம்பை ஒட்டியிராமல் சற்று வெளியே தள்ளியிருப்பது நன்று.

இனி வெளிவாய். கண்மாயில் மடையின் திறப்பும் நீர்மட்டமும் வயலுக்குப் போகும் நீரின் அளவைத் தீர்மானிக்கின்றன. வரத்துக்கால் எவ்வளவு அகலம் என்று வயல் கேட்பதில்லை. பொறியுறையும் அவ்வாறே. உருளைகளுக்கு மேலுள்ள அறையில் அழுத்தம் நிறைந்து நிற்கிறது. காற்று செதில்கள் வழியே கீழறைக்கு இறங்கி, தீச்சுவரின் அடியிலுள்ள வெளிவாய் வழியே புறம்போகிறது. மேலறை ஏற்கனவே நிறைந்திருக்கையில் முன்துளையை இன்னும் அகலமாக்கினால் உள்ளே ஒரு குவளைக் காற்றும் கூடுதலாகப் போகாது. வெளியே வழிவது மட்டும் கூடும். சூடேறும் ஊர்தியைக் கண்டதும் அரத்தை எடுத்து முன்துளையைத் தேய்க்கத் தொடங்குபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

வெளிவாயின் பரப்பு நிலையாக இருந்தால் ஒரு சிக்கல் உண்டு. ஏற்றத்துக்குப் போதுமான திறப்பு நேர்பறப்பில் மிகை. மிகையாகப் போகும் ஒவ்வொரு கிலோகிராம் காற்றையும் ஊர்தி தன்னோடு இழுத்துச் செல்கிறது. நேர்பறப்பில் 3600 பாசுக்கல் மேலறையில் சேர்ந்து, 1500 செதில்களில் செலவாகி, எஞ்சிய 2100இன் வலுவில் காற்று வெளிவாயில் நொடிக்கு 65 மீட்டர் விரைவில் பின்னோக்கிப் பாய்கிறது என்போம். நுழைந்த விரைவு 83; இழந்தது 18. நொடிக்கு ஒரு கிலோகிராமுக்குப் பின்னிழுப்பு 18 நியூட்டன். மேலறையில் நூற்றுக்கு 60 பங்கு மட்டுமே சேர்ந்தால் வெளியேறும் விரைவு 46 ஆகும். பின்னிழுப்பு இரட்டித்து 37 நியூட்டனைத் தொடும். வேறுபாடு இரண்டு குதிரைத்திறன். பெரிதன்று என்பீர்கள். ஆனால் அதே காற்றைப் போக்க வெளிவாயும் ஏறத்தாழ 1.4 மடங்கு அகலவேண்டியிருக்கிறது. ஏற்றத்தில் குளிர்ச்சிக்கு இடமே இல்லாமல் போகிறது. வெளிவாயில் ஒரு மடலைப் பொருத்தி, ஏற்றத்தில் திறந்தும் நேர்பறப்பில் மூடியும் பறப்பது இதற்குத் தக்க தீர்வு. திறந்த மடல் தன் பின்னே உறிஞ்சலையும் உண்டாக்கி, பற்றாக்குறையான அழுத்தத்துக்குத் துணைநிற்கிறது.

வெளியேறும் காற்றை விரைவுபடுத்தினால் இழந்ததை மீட்கலாம் என்னும் இக்கருத்துக்கு உரியவர் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ அரசு வானூர்தி ஆய்வகத்தைச் சேர்ந்த மெரெடித். 1935இல் அவர், நீர்க்குளிர்ப்புப் பொறியின் வெப்பத்தையே கொண்டு, குழலில் அடைத்த வெப்பமாற்றியின் பின்னிழுப்பைப் பெரிதும் ஈடுசெய்யலாம் என்று காட்டினார். மசுட்டாங்கு போர் ஊர்தியின் வயிற்றுக் குழல் இதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அதற்கும் முன்பே, 1928இல், அமெரிக்க வான்பறப்பியல் அறிவுரைக் குழுவின் இலாங்லி ஆய்வகத்தில் ஃபிரெடு வெய்க்கு, வட்டவரிசைப் பொறிகளின்மேல் போர்த்தும் முழுமூடியை இருபதடிக் காற்றுச்சுரங்கில் ஆய்ந்து வடித்தார். கர்ட்டிசு நிறுவனத்தின் பயிற்சி ஊர்தி ஒன்று அம்மூடி பூண்டதும் மணிக்கு 118 மைலிலிருந்து 137 மைலுக்குத் தாவியது. பொறியில் கை வைக்கவில்லை. வேண்டிய காற்றை மட்டும் உருளைகளின் அருகே ஒழுங்காகச் செலுத்தியதே செய்த மாற்றம். 1929க்குரிய காலியர் கோப்பை அக்குழுவுக்கு இதற்காகவே கிடைத்தது.

அதே குழுவின் பெயரைத் தாங்கிய இன்னொரு வடிவம்தான் சொந்தமாகக் கட்டுவோரை மயக்குவது. 1945இல் கலிபோர்னியாவின் ஏம்சு ஆய்வகத்தில் ஃபிரிக்கு, டேவிசு, இராண்டல், மாசுமன் என்னும் நால்வர், உடலின் தோலுக்குள்ளேயே அமிழ்ந்து சரியும் ஒரு துளையை ஆய்ந்தனர். முன்னே குறுகி, பின்னே வளைந்து விரியும் அதன் ஓரங்கள் இரு சுழல்களை எழுப்பி, தோலை ஒட்டிய சோம்பிய காற்றை ஒதுக்கித் தள்ளும். எதுவும் வெளியே துருத்தாது. பார்க்கவும் மிக அழகு. சரிவின் கோணம் ஏழு பாகை அளவில் இருக்கும்போது சிறந்து செயல்படும். விமானியின் அறைக்குத் தென்றல் விடுவதற்கு அது பொருத்தமானது. ஆனால் செதில்களின் இடுக்கு வழியே தள்ள வேண்டிய காற்றுக்கு வேண்டுவது அழுத்தம். அவ்வமிழ்துளை அழுத்தத்தைக் காப்பதில் முகப்புத் துளைக்கு ஈடாகாது. மூக்கிலிருந்து மூன்று மீட்டர் பின்னே போனால், தோலை ஒட்டிய எல்லைப்படலம் மட்டுமே நான்கு சென்டிமீட்டர் அளவுக்குத் தடித்துவிடும். துளை குடிப்பது பெரும்பாலும் அந்தக் களைத்த காற்றையே.

பொறியைப் பின்னால் வைத்த ஊர்திகளுக்கோ, காற்றை மூக்குக்குப் பின்னே எடுப்பது விருப்பத் தேர்வன்று, கட்டாயம். பர்ட்டு உரூட்டான் மொகாவிப் பாலைவெளியில் வடித்த வேரி-ஈசி 1975இலும் லாங்-ஈசி 1979இலும் பறந்தன. லாங்-ஈசியின் வயிற்றில் இத்தகைய அமிழ்துளை ஒன்று உண்டு. காற்று கீழிருந்து மேலாக உருளைகளைக் கடந்து போகும். சுழல்விசிறி பின்னால் இருப்பதால் தரையில் நிற்கையில் அதன் வீச்சுத் துளைக்கு உதவுவதில்லை. வரைபடத்தைக் கைவிட்டு, இறக்கையின் அடியில் வெளித்துருத்திய கரண்டிவாய்களைப் பொருத்திக்கொண்டோர் பலர். எல்லைப்படலத்துக்கு அப்பாலுள்ள உயிர்ப்பான காற்றை எட்டிப் பிடிப்பதே நோக்கம். சிறிது பின்னிழுப்பைக் கொடுத்துக் குளிர்ச்சியை வாங்கிய அவர்களைக் குறைகூற என்னால் இயலவில்லை.

இத்தனை கணக்கும் ஓர் ஒழுகலில் வீணாகலாம். மேலறையையும் கீழறையையும் பிரிப்பவை உருளைகளைச் சுற்றி நிறுத்திய அலுமினியத் தடுப்புத்தகடுகள். பொறி குலுங்கும், பொறியுறை குலுங்காது. எனவே இரண்டுக்கும் இடையே நெகிழும் சிலிக்கோன் இரப்பர்ப் பட்டை வைப்பர். பட்டை முன்னோக்கி வளைந்திருந்தால் அழுத்தமே அதனை உறையோடு அழுத்தி மூடும். தவறிப் பின்னோக்கி வளைந்துவிட்டால் அதே அழுத்தம் அதைப் பிரித்துத் திறக்கும். சுற்றளவு இரண்டரை மீட்டர். அதில் சராசரியாக ஒரு மில்லிமீட்டர் இடைவெளி என்றால் திறப்பு 25 சதுரச் சென்டிமீட்டர். 1500 பாசுக்கல் வேறுபாட்டில் அதன் வழியே நொடிக்கு 90 கிராம் காற்று எந்தச் செதிலையும் தொடாமல் ஓடிவிடும். குளிர்காற்றில் பதினொன்றில் ஒரு பங்கு! நுழைவாயின் வளைவை மாதக்கணக்கில் இழைத்தவர்கள் இந்த இடைவெளியை மறந்திருப்பதைக் காண வியப்பே மேலிடும்.

கண்டுபிடிக்கும் முறை எளிது. இரவில் கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு, கீழறையில் ஒரு கைவிளக்கை வைத்து, முன்துளை வழியே உள்ளே எட்டிப் பார்ப்பர். ஒளிக்கீற்றுத் தெரியும் இடமெல்லாம் ஒழுகல். பறந்த பின் உறையைக் கழற்றினால் உட்புறத்தில் இரப்பர் உரசிய கருங்கோடு தெரியும். கோடு அறுபட்ட இடத்தில் பட்டை தொடவில்லை என்று பொருள். உருளைகளின் அடியில் செதில்களைத் தழுவி நிற்கும் சிறுதகடுகளும் இத்தகையவையே. அவை தளர்ந்தால் காற்று உருளையின் மேற்பாதியை மட்டும் தடவிவிட்டு நழுவும்; அடிப்பாதி வேகும். விரைவாக நுழையும் காற்று முன்னுருளைகளை மிகையாகக் குளிர்வித்தால், அவற்றின் முன்னே ஒரு சிறு அலுமினியத் தடையை நட்டு நான்கு உருளைகளையும் சமன்செய்வது வழக்கம்.

அளந்து பார்க்காமல் எதையும் மாற்றுவது வீண். அதற்குக் கருவி வாங்கவும் வேண்டியதில்லை. உபரியாகக் கிடக்கும் காற்றுவிரைவுமானி ஒன்றே போதும். அது உள்ளபடி ஓர் அழுத்த வேறுபாட்டுமானி. ஒரு குழாயை மேலறைக்கும் மற்றொன்றைக் கீழறைக்கும் கொண்டுசென்று, முனைகளைத் தாரை நேரே அறையாதபடி பக்கத்துளைகள் இட்ட சிறுகுழல்களில் முடித்தால், முள் காட்டும் எண்ணே செய்தி. 1500 பாசுக்கல் என்றால் முள் மணிக்கு 96 கடல்மைலில் நிற்கும். 80இல் நின்றால் கிடைப்பது 1040 மட்டும். அப்போது கீழறைக் குழாயை ஊர்தியின் நிலையழுத்தத் துளைக்கு மாற்றி மீண்டும் பறப்பர். மேலறையில் அழுத்தம் நிறைந்திருந்தால் குற்றம் வெளிவாயில். மேலறையே வறண்டிருந்தால் குற்றம் முன்துளையிலோ ஒழுகலிலோ.

இறுதியாக ஒரு திருத்தம் உண்டு. தொழிற்சாலையில் செய்து சான்று பெறும் சிறு ஊர்திகளை, கடல்மட்டத்தில் 38 பாகை செல்சியசு வெயிலுக்குத் தாங்குமாறு காட்ட வேண்டும் என்பது 2017 வரை அமெரிக்க விதியில் இருந்தது. சோதனை நாள் குளிர்ந்திருந்தால், குறைந்த பாகைகளை உருளைத்தலையின் அளவோடு ஒன்றுக்கொன்றாகக் கூட்டிக் கணக்கிட்டனர். சொந்தமாகக் கட்டியவரை அவ்விதி கட்டுப்படுத்தியதில்லை, வெயில் கட்டுப்படுத்தும். 10 பாகைக் காலையில் ஏறிப் பார்த்து உருளைத்தலை 205இல் நின்றது என்று மகிழ்பவர், அதனோடு 28ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த 233 ஏற்றத்தின் சில நிமிடங்களுக்குப் பொறுக்கத்தக்கது; நெடும்பயணத்துக்கு அன்று. ஆகவே அவர் மறுநாள் கையில் எடுக்க வேண்டியது அரம் அன்று, கைவிளக்கு.